ஆலய வாயிலும் கலங்கிய உள்ளமும்

சிவபெருமானைப் பித்தன் என்று அழைத்து, அப்பெயரையே புகழ்மொழியாக ஆக்கிக்கொண்ட சமயம் எங்கள் சமயம். சுந்தரமூர்த்தி நாயனார் திருவெண்ணெய்நல்லூரிலே முதன்முதல் வாய்திறந்து பாடியபோது இறைவனை விளித்த சொல் அதுவேயாம். ஆயின், அந்தப் பித்தனுடைய கோயில் வீதியிலே உள்ளங் கலங்கிய மனிதன் ஒருவன் வந்து நின்றால் நாம் செய்வது என்ன? பிள்ளைகளை அப்பால் இழுத்துக்கொள்கின்றோம். "விசரன் வாறான், விலகு" என்கின்றோம். அவனுடைய தாய் தேர்த்திருவிழாவுக்கும் வராமல் வீட்டுக் கதவைச் சாத்திக்கொள்கின்றாள். தங்கைக்குப் பேசிய கலியாணம் குழம்பிவிடும் என்று தமையனுடைய நோயைத் தகப்பனார் ஊருக்கு மறைக்கின்றார்.

நல்லூர்த் தேரடியிலே அழுக்குத் துணியுடன் அமர்ந்து தமக்குள்ளே பேசிக்கொண்டிருந்த செல்லப்பா சுவாமிகளை ஊரவர் பலர் விசர் என்றே ஒதுக்கினர். அவரிடத்தே ஞானத்தைக் கண்டவர்கள் யோகர் சுவாமிகளைப் போன்ற மிகச் சிலரே. இவ்வரலாற்றிலிருந்து நாம் இரண்டு பாடங்களைக் கற்கலாம். புறத்தோற்றம் கண்டு ஒருவரை இகழ்தல் தகாது என்பது ஒன்று. கலங்கிய ஒவ்வொருவரையும் சித்தர் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டு, அவர்க்கு உரிய வைத்தியத்தைச் செய்யாது விடுதலும் தகாது என்பது மற்றொன்று. இகழ்ச்சியும் சரி, இத்தகைய கும்பிடும் சரி, நோயாளியைத் தனியே விட்டுவிடுவதில் ஒன்றேயாம்.

வழிபடுவோர் கூட்டம் ஒன்று உளநோயாளரை எவ்வாறு ஏற்றது, எங்கே தவறியது, தவற்றிலிருந்து எதனைக் கற்றது என்பதை வரலாற்றுக் கண்கொண்டு நோக்குவதே இக்கட்டுரையின் கருத்து. இளைஞர்கள் அறியவும், பெரியோர்கள் சிந்திக்கவும் இதனை எழுதலானோம்.

ஆதுலர்சாலை கண்ட ஆலயம்

கோயில் என்பது பூசைக்கு மட்டும் உரிய இடம் என்ற எண்ணம் பிற்காலத்தது. செங்கற்பட்டுப் பகுதியிலே பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடும் திருமுக்கூடல் என்னும் தலத்தில் வேங்கடேசப் பெருமாள் கோயில் ஒன்று உண்டு. அங்கே வீரராசேந்திர சோழன் காலத்து, 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்த, நீண்ட கல்வெட்டு ஒன்று காணப்படுகின்றது. கோயிலைச் சார்ந்து இயங்கிய கல்விச்சாலையையும் மாணவர் விடுதியையும் ஆதுலர்சாலையையும் அது கூறுகின்றது. ஆதுலர்சாலை என்பது நோயாளர் தங்கும் வைத்தியசாலை. அங்கே 15 கட்டில்கள் இருந்தன. வைத்தியர் ஒருவர், சல்லியக் கிரியை செய்பவர் ஒருவர், மூலிகை கொணர்வோர், மருந்து கொடுத்துப் பராமரிக்கும் பெண்கள் என்று பணியாளர் பலர் இருந்தனர். அவரவர்க்குரிய படியும், சேமித்து வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லிலே பொறிக்கப்பட்டுள்ளன. எங்கள் நாட்டிலும் மிகிந்தலை மலையடிவாரத்தில், பௌத்த விகாரையைச் சார்ந்து 9ஆம் நூற்றாண்டில் விளங்கிய வைத்தியசாலையின் இடிபாடுகளை இன்றும் காணலாம்.

இவை உளநோயாளருக்கென அமைந்த சாலைகள் என்று நாம் சொல்லவரவில்லை. மருந்தும் மந்திரமும் ஒன்றுக்கொன்று பகையென்று எங்கள் முன்னோர் எண்ணவில்லை என்பதற்கே இவற்றைக் காட்டினோம். கோயிற் பண்டாரத்திலிருந்து விளக்குக்கு எண்ணெய் போனது போலவே நோயாளியின் கஞ்சிக்கு அரிசியும் போயிற்று. சித்த வைத்தியரும் உள்ளத்தின் பிணியைக் கிரிகை என்றும் உன்மாதம் என்றும் பெயரிட்டு, அதனைப் பதினெட்டு வகையாகப் பிரித்து, மருந்து சொல்லினர். பெயரும் வகையும் மருந்தும் உடைய ஒன்று நோயேயன்றிச் சாபம் அன்று.

கேல் என்னும் ஊர்

இனிக் கடல்கடந்து செல்வோம். பெல்ஜியம் நாட்டிலே அன்ற்வேர்ப் மாகாணத்தில் கேல் என்றொரு சிற்றூர் உண்டு. அவ்வூரின் தெய்விகக் காவலாக வணங்கப்படுபவர் புனித டிம்ப்னா. அவர் அயர்லாந்து அரசன் ஒருவனின் மகள் என்றும், மனைவியை இழந்து மதிமயங்கிய தந்தை மகளையே மணக்க விரும்பியதால் அவர் தப்பியோடிக் கேலுக்கு வந்தார் என்றும், தொடர்ந்து வந்த தந்தையின் வாளால் அங்கேயே வெட்டுண்டு இறந்தார் என்றும் ஐதிகம் கூறும். அது 7ஆம் நூற்றாண்டில் நிகழ்ந்ததாகச் சொல்வர். எழுத்தில் வந்ததோ 13ஆம் நூற்றாண்டிலேதான். மதிமயக்கத்தின் கொடுமையால் உயிர்விட்டவர் ஆதலின், மதிமயங்கியோரின் துணை அவரே என்று மக்கள் நம்பலாயினர்.

நாடெங்குமிருந்து உளநோயாளரை உறவினர் அங்கே அழைத்து வந்தனர். கோயிலைச் சார்ந்து நோயாளர் அறை ஒன்று கட்டப்பட்டது. அங்கே ஒன்பது நாட்கள் தங்கி விரதமும் வழிபாடும் செய்தனர். வந்தோர் தொகை பெருகவே, அறையில் இடமில்லாதோரை ஊரவர் தத்தம் வீடுகளில் ஏற்றனர். ஒன்பது நாட்களில் சுகமாகாதவர் திரும்பிப் போகவும் இல்லை. உழவர் வீடுகளிலேயே தங்கிவிட்டனர். ஒரே மேசையில் உண்டனர், மாடு மேய்த்தனர், பிள்ளைகளுக்குக் காவலிருந்தனர். அவர்களை நோயாளி என்றோ பைத்தியம் என்றோ ஊரவர் அழைப்பதில்லை. வீட்டில் தங்குபவர் என்ற பொருள்படவே அழைத்தனர். தாய் பராமரித்தவரைத் தாய்க்குப்பின் மகள் பராமரிப்பது குடும்ப வழக்கமாயிற்று.

இவ்வழக்கம் ஏறக்குறைய எழுநூறு ஆண்டுகளாகத் தொடர்ந்து வருகின்றது. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே பெல்ஜிய அரசாங்கம் இதன் மேற்பார்வையை ஏற்றது. 1862இல் வைத்தியர்களோடு கூடிய மருத்துவமனை ஒன்று ஊரிலே எழுந்தது. 1938ஆம் ஆண்டளவில் 3,700இன் மேற்பட்ட நோயாளர் கேல் ஊர் வீடுகளில் வாழ்ந்தனர். புதிய மருந்துகள் வந்தபின்னரும், குடும்பங்களின் வாழ்க்கைமுறை மாறியபின்னரும் அத்தொகை சில நூறாகக் குறைந்துவிட்டது. எனினும் அம்மரபு அற்றுப்போகவில்லை. 2023ஆம் ஆண்டில் யுனெஸ்கோ அதனைப் பேணத்தக்க நல்வழக்கமாகத் தன் பதிவேட்டிற் சேர்த்தது.

கேல் மக்கள் தேவர்கள் அல்லர். அரசாங்கம் கொடுத்த பராமரிப்புப் பணமும், வயலில் கிடைத்த உதவியும் அவர்களுக்கு வேண்டியிருந்தன. பழைய காலத்தில் அங்கும் விலங்குகள் அறவே இல்லாமற் போகவில்லை. ஆயினும் அவர்கள் உலகுக்குக் காட்டியது ஒன்று உண்டு. கோயில் நோயைத் தீர்க்காத இடத்திலும், கோயிலைச் சூழ்ந்த மக்கள் நோயாளிக்கு ஒரு வாழ்க்கையைக் கொடுக்கலாம் என்பதே அது.

ஒரு சாவும் ஒரு சபையும்

இங்கிலாந்திலே யோர்க் என்னும் நகரில் உளநோயாளருக்கான வைத்தியசாலை ஒன்று இருந்தது. 1790ஆம் ஆண்டிலே ஹனா மில்ஸ் என்னும் விதவைப் பெண் அங்கே சேர்க்கப்பட்டார். அவர் குவேக்கர் என்னும் சிறு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். அவ்வூர்ச் சபையார் அவரைப் பார்க்கச் சென்றபோது அனுமதி மறுக்கப்பட்டது. சில வாரங்களில் அவர் இறந்துவிட்டார். உள்ளே நடந்தது என்னவென்று ஒருவருக்கும் தெரியாது.

"எங்களுள் ஒருத்தி தனியே இறந்துவிட்டாள்" என்ற உறுத்தல் அச்சபையாரை விடவில்லை. தேயிலை வணிகராகிய வில்லியம் தியூக் என்பவர், அறுபது வயதை அண்மிய காலத்திலே, சபைக் கூட்டத்தில் எழுந்து எங்களுக்கென ஓர் இல்லம் வேண்டும் என்றார். எதிர்ப்பும் எழுந்தது. அத்தகைய நோயாளர் எங்களுள் எத்தனைபேர் இருக்கின்றனர், இவ்வளவு செலவு எதற்கு என்று கேட்டவர் உண்டு. கேட்பதற்கு எங்களூர்க் கூட்டங்களின் வார்த்தை போலவே இருக்கின்றதன்றோ? தியூக் தளரவில்லை. பணம் சேர்ந்தது. 1796இல் இல்லம் திறக்கப்பட்டது. அதற்குப் பைத்தியசாலை என்று பெயரிடாது, ஒதுங்கி இளைப்பாறும் இடம் என்று பொருள்படும் பெயரையே சூட்டினர்.

அங்கே சங்கிலி இல்லை. அடி இல்லை. சாளரத்து இரும்புச் சட்டங்களும் மரச்சட்டம் போலத் தோன்றும்படி அமைக்கப்பட்டன. சிறை என்ற எண்ணம் வரக்கூடாது என்பதற்காக. நோயாளருக்குத் தோட்டவேலையும் தையல்வேலையும் கொடுக்கப்பட்டன. முற்றத்தில் முயலும் கோழியும் வளர்த்தனர்; தன்னைப் பராமரிக்க இயலாதவனும் ஒரு சிறு உயிரைப் பராமரிக்கும்போது தெளிவு பெறுகின்றான் என்று கண்டனர். தேநீர் விருந்துக்கு நோயாளரை நல்லுடை உடுத்தி வரும்படி அழைத்தனர். மதித்து அழைக்கப்பட்டவர் பெரும்பாலும் மதிப்புக்கேற்ப நடந்துகொண்டனர். அடக்குதல் அறவே இல்லாதிருந்தது என்று சொல்வதற்கில்லை. தனக்கோ பிறர்க்கோ ஊறு செய்யத் துணிந்தவரைத் தடுத்து வைத்ததும் உண்டு. ஆனால் அதுவே வைத்தியம் என்று அவர்கள் எண்ணவில்லை.

தியூக்கின் பேரனாகிய சாமுவேல் தியூக் 1813இல் இவ்வில்லத்தின் நடைமுறைகளை ஒரு நூலாக எழுதி வெளியிட்டார். அந்நூல் பழைய வைத்தியசாலைகளின் கொடுமைகளை வெளிக்கொணரும் கிளர்ச்சிக்குத் தூண்டுகோலாயிற்று. 1815இல் பிரித்தானியப் பாராளுமன்றக் குழு ஒன்று அவற்றை விசாரித்தது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகரருகே குவேக்கர்கள் இதே முறையில் ஓர் இல்லத்தை 1817இல் திறந்தனர். ஒரு சிறு சபையின் உறுத்தல் இரண்டு நாடுகளின் வழக்கத்தையே திருப்பியது என்க.

மருந்தும் மண்டலமும்

இனித் தமிழகத்துக்கு வருவோம். திருச்சிராப்பள்ளிக்கு அண்மையிலுள்ள குணசீலம் பிரசன்ன வேங்கடாசலபதி கோயில் உளநோயாளருக்குப் பெயர்போன தலம். ஒரு மண்டலம், அஃதாவது 48 நாட்கள், அங்கே தங்கி, நீராடி, பூசையிற் கலந்து, தீர்த்தம் பெறுவது வழக்கம். இத்தகைய தலங்களில் தங்குவோர்க்கு உண்மையாகவே பயன் உண்டா, அன்றி அது வெறும் நம்பிக்கையா?

இவ்வினாவை நேர்மையாகக் கேட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் விஞ்ஞான நிலையத்தைச் சேர்ந்த வைத்தியர் ரகுராமும் அவர்தம் துணைவரும் வேலாயுதம்பாளையம்புதூர் என்னும் தமிழ்நாட்டுக் கிராமத்திலுள்ள முத்துசுவாமி கோயிலுக்குச் சென்று, அங்கே தங்கவந்த 31 நோயாளரை, வந்த நாளிலும் போகும் நாளிலும் சோதித்தனர். பெரும்பாலோர் கடுமையான மனச்சிதைவு நோயுடையோர். சராசரியாக ஆறு வாரம் அங்கே தங்கினர். உறவினர் ஒருவரும் உடன் தங்கினார். தங்கக் கட்டணம் இல்லை. கோயிலைக் கூட்டுதல், செடிகளுக்கு நீரூற்றுதல் முதலிய சிறு பணிகளே அவர்க்கு இடப்பட்டன. பேயோட்டும் சடங்கு எதுவும் இல்லை. போகும்போது நோயின் கடுமையைக் காட்டும் அளவு ஏறக்குறைய ஐந்திலொரு பங்கு குறைந்திருந்தது. 2002ஆம் ஆண்டிலே பிரித்தானிய மருத்துவச் சஞ்சிகை இதனை வெளியிட்டது.

இவ்வாராய்ச்சி மருந்து வேண்டாம் என்று சொல்லவில்லை. தொகையோ சிறிது, கோயிலுக்கு வராத நோயாளரோடு ஒப்பிட்டதும் இல்லை, வீடு திரும்பியபின் நிலைமை எவ்வாறு என்பதும் வேறு வினா. ஆராய்ந்தோர் சிறப்பாகக் கண்டது அவ்விடத்தின் ஆதரவான சூழலையேயாம். அச்சுறுத்தல் இல்லாத இடம், ஒழுங்கான நாள், செய்வதற்கு ஒரு பணி, அருகில் ஓர் உறவு. யோர்க்கிலும் கேலிலும் கண்டவை இவையே அல்லவா? தெய்வத்தின் பெயர்கள் வேறு; மனிதருக்கு வேண்டியன ஒன்றே.

ஏர்வாடி சொல்லும் எச்சரிக்கை

ஆயினும் இவ்வரலாற்றின் மறுபக்கத்தை மறைத்தல் பாவமாகும். இராமநாதபுரம் மாவட்டத்திலே ஏர்வாடி என்னும் இடத்தில் புகழ்பெற்ற தர்கா ஒன்று உண்டு. முஸ்லிம்களோடு இந்துக்களும் பிறரும் உளநோயாளரை அங்கே அழைத்துச் செல்வது நெடுநாளைய வழக்கம். நோயாளர் தொகை பெருகவே, தர்காவின் அயலில் தனியார் பலர் கொட்டகைகளை அமைத்து, உறவினரிடம் பணம் பெற்று, நோயாளரைச் சங்கிலியால் பிணைத்து வைத்திருந்தனர். 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 6ஆந் திகதி விடியற்காலையில் அத்தகைய கொட்டகை ஒன்றில் தீப்பற்றியது. கட்டுண்டவர்களால் ஓட முடியவில்லை. 28 உயிர்கள் போயின.

அச்செய்தி பாரதநாடு முழுவதையும் உலுக்கியது. அத்தகைய தனியார் இல்லங்கள் சில நாட்களில் மூடப்பட்டன. இந்திய உச்ச நீதிமன்றம் தானாகவே இவ்விடயத்தைக் கையேற்றது. பின்னர் 2017ஆம் ஆண்டு இயற்றப்பட்ட இந்திய மனநலப் பராமரிப்புச் சட்டம், உளநோயாளரை எவ்விதத்திலும் சங்கிலியிடலாகாது என்று தெளிவாகவே விதித்தது.

இதனை ஒரு மதத்தாரின் குற்றமென்று சொல்பவர் உண்மையை அறியாதவர். இந்துக் கோயில்களின் அயலிலும் சங்கிலிகள் இருந்தன. எங்கள் வீடுகளின் பின்கோடிகளிலும் இருந்தன. தீயின் காரணம் பக்தி அன்று. உறவினர் கைகழுவியதும், பணம் பெற்றவரை மேற்பார்வை செய்ய ஒருவரும் இல்லாததும், நோயாளிக்கு வாயில்லை என்று எல்லாரும் எண்ணியதுமே காரணம். கோயிலில் "விட்டுவிட்டு வருதல்" வேறு. கோயிலில் "உடனிருத்தல்" வேறு. வேலாயுதம்பாளையம்புதூரில் உறவினர் உடனிருந்தார். ஏர்வாடியிற் பலருக்கு ஒருவரும் இல்லை.

இத்தவற்றிலிருந்து கற்றோரும் உளர். குஜராத்திலே உனாவா என்னும் ஊரின் மீரா தாதர் தர்காவில் 2008ஆம் ஆண்டு முதல் "மருந்தும் பிரார்த்தனையும்" என்று பொருள்படும் திட்டம் ஒன்று நடந்தது. தர்காவில் ஓதுவோர் நோயின் குறிகளை அறியக் கற்பிக்கப்பட்டனர். நோயாளியைக் கண்டால் பிரார்த்தனையும் செய்வர். வளாகத்திலேயே இருக்கும் வைத்தியரிடமும் அனுப்புவர். நம்பி வந்தவரின் நம்பிக்கையைக் கெடுக்காது, நம்பிக்கையின் கையாலேயே மருந்தைக் கொடுத்தனர் எனலாம்.

எங்கள் தீவின் கதை

ஆங்கிலேயர் ஆட்சியில் இலங்கையின் உளநோயாளருக்குக் கிடைத்தது முதலில் ஒரு சட்டமும் ஒரு மதிலுமே. 1873இல் இயற்றப்பட்ட கட்டளைச் சட்டம் நோயாளியை எவ்வாறு தடுத்து வைப்பது என்பதையே பெரிதும் கூறிற்று. 20ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலே கொழும்பை அடுத்த அங்கொடையில் பெரிய வைத்தியசாலை எழுந்தது. நாளடைவில் அங்கொடை என்ற ஊர்ப்பெயரே வசைச்சொல்லாகிவிட்டது. வடபகுதியிலும் அவ்வாறே "மந்திகைக்குக் கொண்டுபோ" என்பது கேலியாயிற்று. ஊரவர் சேர்ந்து வைத்தியசாலையின் பெயரை வசையாக்கினால், நோயுற்றவன் அங்கே எவ்வாறு செல்வான்? செல்லாதவன் சாத்திரியாரிடமும், நூல் கட்டுவோரிடமும், கழிப்புக் கழிப்போரிடமும் அலைந்து, நோய் முற்றியபின்னரே வைத்தியரைக் காண்கின்றான்.

பின்னர் முப்பது ஆண்டுப் போர் வந்தது. 2004இல் ஆழிப்பேரலை வந்தது. 2009இல் வன்னியில் நிகழ்ந்தவை எல்லார் நெஞ்சிலும் உள்ளன. யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் பணியாற்றிய உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இப்போர் மக்களின் உள்ளத்தில் விட்ட வடுக்களைப்பற்றி 1998இல் ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். வைத்தியர் சிவயோகனும் அவரும் சேர்ந்து தமிழ்ச் சமுதாயத்தின் உளநலம்பற்றிய கைந்நூலையும் ஆக்கினர். மேல்நாட்டு வைத்தியத்தை மட்டும் நம்பாது, மந்திர செபம், தியானம், சாந்தியாசனம் போன்ற எங்கள் வழக்கங்களையும் கலங்கிய உள்ளத்தை அமைதிப்படுத்தப் பயன்படுத்தலாம் என்று அவர்கள் எடுத்துக்காட்டியது எங்கள் கருத்துக்குரியது. மருத்துவக் கல்வி பெற்றவரே எங்கள் மரபை மதித்து அழைக்கும்போது, மரபுக்குரியவராகிய நாம் மருத்துவத்தை மதிக்கத் தயங்கலாமா?

எங்கள் கிரியைகளை ஒருமுறை எண்ணிப் பாருங்கள். மரணம் நிகழ்ந்த வீட்டில் ஊர் கூடுகின்றது. அயலவர் சமைத்துக் கொடுக்கின்றனர். எட்டுச் செலவு, 31ஆம் நாள் அந்தியேட்டி, ஆண்டுத் திவசம் என்று துக்கத்துக்கு ஒரு நாட்காட்டி உண்டு. அழுவதற்கு நாளும், அழுகையை ஆற்றிக்கொள்ள நாளும் முன்னோர் வகுத்தனர். இது வெறுஞ் சடங்கன்று. தலைமுறை தலைமுறையாக வந்த உளமருத்துவம்.

ஆனால் அந்தியேட்டி செய்ய முடியாத துக்கம் ஒன்றும் இந்நாட்டில் உண்டு. கணவனோ மகனோ காணாமற்போனவர்களின் துக்கம் அது. இறந்தான் என்று கீரிமலைக்குப் போக மனம் வராது; இருக்கின்றான் என்று சொல்லவும் சான்று இல்லை. பொட்டை அழிப்பதா விடுவதா என்று கண்ணாடி முன் தினமும் நிற்கும் பெண்ணுக்கு எந்தச் சாத்திரம் விடை சொல்லும்? 2017 பெப்ரவரியிலே கிளிநொச்சித் தாய்மார் தங்கள் தொடர்போராட்டத்தைக் கந்தசுவாமி கோயில் முன்றலிலேதான் தொடங்கினர். வேறு போக்கிடம் இல்லாத துயரம் கோயில் வாயிலையே தேடி வந்தது. அவர்களை நாம் சுபகாரியங்களுக்கு அழைக்கின்றோமா, கும்பம் தூக்க விடுகின்றோமா என்று ஒவ்வொரு பரிபாலன சபையும் தன்னைத் தானே கேட்டுக்கொள்வதாக.

விதி என்று விடலாகாது

தற்கொலையைப்பற்றியும் ஒரு வார்த்தை. 1995ஆம் ஆண்டளவில் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் வீதம் தம் உயிரைத் தாமே போக்கிக்கொண்டனர். உலகிலேயே மிகவுயர்ந்த வீதங்களுள் அது ஒன்று. அது எங்கள் தலைவிதி என்று சொன்னவர் பலர். ஆனால் கொடிய பூச்சிநாசினிகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடைசெய்ய, பிந்திய இருபது ஆண்டுகளில் அவ்வீதம் பாதிக்கும் கீழே இறங்கியது. கைக்கெட்டும் நஞ்சு இல்லாதபோது அந்தக் கொடிய நாழிகை கடந்துபோயிற்று. கடந்தபின் மனிதன் வாழ்ந்தான். 1998இல் தற்கொலைக்கு முயல்வதைக் குற்றமாக்கிய சட்டமும் நீக்கப்பட்டது. 1974இல் தோன்றிய சுமித்ரயோ போன்ற அமைப்புகள் துயருற்றோர் சொல்வதைக் கேட்பதையே தொண்டாகச் செய்கின்றன. ஆதலின், அவ்வாறு இறந்தவனுடைய வீட்டைப் பழித்துப் பேசுவோர் ஒன்றை அறிதல் வேண்டும். அவன் கெட்டவன் அல்லன். அந்த நாழிகையில் அவனருகே ஒருவரும் இல்லை.

நாம் செய்யத்தக்கன

வரலாறு கூறியவற்றைத் தொகுத்து நோக்கின், உளநோயாளருக்கு உதவிய வழிபாட்டுக் கூட்டங்கள் யாவும் செய்தவை சிலவே. பெயர் சொல்லி மதித்து அழைத்தன. உணவும் இடமும் ஒரு சிறு பணியும் கொடுத்தன. உறவினரைத் தனியே விடவில்லை. வைத்தியருக்கு வாயிலைத் திறந்தன. தவறிய இடங்களில் தவறியவை இவையேயாம்.

இவற்றுள் எதற்கும் பெரும் பொருள் வேண்டியதில்லை. தெல்லிப்பழைத் துர்க்கை அம்மன் கோயிலிலே சிவத்தமிழ்ச் செல்வி தங்கம்மா அப்பாக்குட்டி அவர்கள் ஆதரவற்ற பெண்பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்து, கோயில் வருவாயை அறத்தின் வருவாயாக்கிக் காட்டிச் சென்றார்கள். ஒரு கோயிலால் பிள்ளைகளை வளர்க்க முடியுமாயின், மற்றொரு கோயிலால் மாதம் ஒருமுறை உளநல வைத்திய உத்தியோகத்தர் ஒருவரை மடத்தில் அமர்த்தி மக்களைச் சந்திக்கச் செய்ய முடியாதா?

இளைஞர்களே! உங்களால் ஆவன இன்னும் எளியன. விசரன், லூசன் என்ற சொற்களை உங்கள் வாயிலிருந்து அகற்றுங்கள். அறநெறிப் பாடசாலையில் ஒரு வகுப்பை உளநலத்துக்கென ஒதுக்குங்கள். நாட்கணக்காக நித்திரை இல்லாமை, உணவில் வெறுப்பு, ஒதுங்கியிருத்தல், இல்லாத குரலைக் கேட்டல், வாழ்வு வேண்டாம் என்ற பேச்சு ஆகியன நோயின் குறிகள் என்பதை எல்லாரும் அறியச் செய்யுங்கள். அக்குறிகளைக் கண்டால் கழிப்புக்காரரிடம் அல்ல, அண்மையிலுள்ள அரசாங்க வைத்தியசாலைக்கே அழைத்துச் செல்லுங்கள். வரிசையில் உடன் நில்லுங்கள். தேசிய உளநல நிறுவனத்தின் 1926 என்ற தொலைபேசி இலக்கத்தை அறிவித்தற் பலகையில், பூசை நேரங்களுக்கு அருகே எழுதி வையுங்கள். திருவிழாவுக்கு வராத வீட்டை அறிந்து, பிரசாதத்தோடு நீங்களே செல்லுங்கள்.

பெரியோர்களே! உங்களிடம் வேண்டுவதும் ஒன்று உண்டு. கலியாணப் பேச்சுக் குழம்பும் என்று நோயை மறைக்கும் தகப்பனுக்கு அச்சம் எங்களால் உண்டானது. அதனைத் தீர்க்க எங்களால் மட்டுமே முடியும். நோயுற்றவன் வீட்டுப் பெண்ணை மருமகளாக்கும் ஒருவரின் துணிவு, நூறு பிரசங்கங்களிலும் மேலானது. குருக்களும் சாத்திரியாரும், "விபூதியையும் பூசு, மருந்தையும் நிறுத்தாதே" என்று ஒரு வசனம் சொல்வார்களாயின், எத்தனையோ குடும்பங்கள் தப்பும்.

ஹனா மில்ஸ் தனியே இறந்தபோது அவருடைய சபையார் வாயிலில் நின்றனர். உள்ளே செல்ல முடியவில்லை. எங்கள் வாயில்களுக்குக் காவலர் இல்லை. அடைத்து வைத்திருப்பவர் நாமே. இவ்வாண்டுத் திருவிழாவுக்குக் கொடியேறும் நாளில், பல ஆண்டுகளாக வராதிருந்த ஒரு தாய் தன் மகனைக் கைப்பிடித்து வடக்கு வீதியால் வரக்கூடும். அவளுக்கு வழிவிட்டு, மகனை அவன் பெயர் சொல்லி அழைத்து, பந்தியில் எங்கள் அருகே இருத்துவோமாக. பித்தனென்று பெயர்பெற்ற பெருமான் அப்பூசையை உவந்து ஏற்றருள்வான்.